பாய்லருக்குள் தலையை விட்டுப் பார்க்கிற ஆள்: டியூவி வந்த வழியும், ஆய்வுக்கு விடுகிறவர்கள் கவனிக்க வேண்டியதும்

பாய்லர் வெடித்தால் நாசம் செய்வது நெருப்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நாசம் செய்வது உள்ளே இருக்கும் தண்ணீர். சதுர சென்டிமீட்டருக்கு 10.54 கிலோ அழுத்தத்தில் ஓடும் ஓர் அரிசி ஆலை பாய்லரில் தண்ணீர் ஏறக்குறைய 186 டிகிரி சூட்டில் இருக்கும். அழுத்தம் பிடித்து வைத்திருப்பதால்தான் அது தண்ணீராகவே இருக்கிறது. தகடு கிழிந்து அழுத்தம் விட்டுப்போன நொடியில் அதில் ஆறில் ஒரு பங்கு நீராவியாகிவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியானால் சுமார் 1,670 லிட்டர் இடம் கேட்கும். உள்ளே 5 டன் தண்ணீர் இருந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்: 1,300 கன மீட்டருக்கு மேல் நீராவி, ஒரே வீச்சில். ஓடு பறந்தது, சுவர் சாய்ந்தது, பாய்லரே நூறடி தள்ளிப் போய் விழுந்தது என்பதெல்லாம் இதனால்தான்.

1865-ல் ஜெர்மனியின் பாடன் பகுதியில், மான்ஹைம் நகரத்து பீர் ஆலை ஒன்றில் பாய்லர் வெடித்தது. அந்தக் காலத்தில் அது அபூர்வமான செய்தி இல்லை. ரிவெட் அடித்த தகடு, நெம்புகோலில் எடை தொங்கும் சேஃப்டி வால்வு, சுத்திகரிக்காத தண்ணீர், நீர்மட்டம் காட்டும் கேஜ் கிளாஸைப் பார்க்காத ஃபயர்மேன் என்று எல்லாம் சேர்ந்து ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பாய்லர்கள் வெடித்துக்கொண்டேதான் இருந்தன. அதே 1865 ஏப்ரலில் மிசிசிப்பி ஆற்றில் சுல்தானா என்ற நீராவிக் கப்பலின் பாய்லர்கள் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மான்ஹைமில் கவனிக்க வேண்டியது வெடிப்புக்குப் பிறகு நடந்தது. 1866 ஜனவரியில் அந்த வட்டாரத்து பாய்லர் முதலாளிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் கூடி, பாய்லர்களைக் கண்காணிக்கவும் காப்பீடு செய்யவும் ஒரு சங்கம் வைத்தார்கள். இயந்திரங்களையும் பொருள்களையும் ஆய்வு செய்து சான்று தரும், இன்று டியூவி என்று நாம் சொல்லும் ஜெர்மன் நிறுவனங்களுக்கு வேர் அதுதான்.

யோசனை மான்ஹைம்காரர்களின் சொந்தச் சரக்கு இல்லை. 1854-லேயே மான்செஸ்டரில் இன்ஜினியர் வில்லியம் ஃபேர்பேர்ன் முதலானோர் இப்படி ஒரு சங்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். இரண்டு நெருப்புக் குழல் கொண்ட லங்காஷயர் பாய்லருக்கு 1844-ல் காப்புரிமை வாங்கியவர்களில் ஃபேர்பேர்னும் ஒருவர். வெளியிலிருந்து அழுத்தம் வாங்கும் குழல், நீளம் கூடக் கூடப் பலம் குறையும் என்பதைச் சோதித்துக் காட்டியவரும் அவரே. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரில் பாய்லரை ஆய்வு செய்து காப்பீடும் தரும் நிறுவனம் வந்ததும் 1866-ல்தான். மூன்று ஊர்களிலும் ஒரே புரிதல்: நஷ்டஈடு கொடுப்பதை விட, ஆளை உள்ளே இறக்கிப் பார்ப்பது மலிவு.

மான்ஹைம் ஏற்பாட்டின் சூட்சுமம் பணம் போகும் வழியில் இருந்தது. ஒவ்வொரு முதலாளியும் ஆண்டுக்கட்டணத்தைச் சங்கத்துக்குக் கட்டுவார். இன்ஜினியருக்குச் சம்பளம் தருவது சங்கம். 'இந்த பாய்லரை ஏற்றாதே' என்று இன்ஜினியர் சொன்னால், அந்த ஆலைக்காரர் கோபப்படலாம். ஆனால் அவரை வேலையை விட்டுத் தூக்க முடியாது. மற்ற உறுப்பினர்களும் இன்ஜினியர் பக்கம்தான் நிற்பார்கள். காரணம் தர்மம் இல்லை. பக்கத்து ஆலையில் வெடித்தால் தங்கள் காப்பீட்டுச் செலவு ஏறும், அரசு கெடுபிடியும் கூடும். சுயநலத்தையே காவலுக்கு நிறுத்திய ஏற்பாடு அது. இந்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் பிறகு வந்த நூற்றைம்பது ஆண்டுகளில் எது ஏன் தேறியது, எது ஏன் கவிழ்ந்தது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

மற்ற ஊர்களும் பின்தொடர்ந்தன: 1869-ல் ஹாம்பர்க், 1870-ல் மியூனிக், 1872-ல் எல்பர்ஃபெல்ட்–பார்மன். இப்படிப்பட்ட சங்கத்தில் சேர்ந்து முறையாக ஆய்வு செய்துகொள்கிறவர்களுக்கு அரசு ஆய்விலிருந்து விலக்கு என்று 1870-களில் ஜெர்மனியின் பிரஷ்ய அரசும் ஏற்றுக்கொண்டது. தனியார் சங்கத்தின் கையெழுத்து அரசு முத்திரைக்குச் சமமானது அங்கேதான். பிறகு லிஃப்ட், மின்சாரம், மோட்டார் வண்டி என்று ஒவ்வொரு புதிய ஆபத்தும் இவர்கள் மேசைக்கு வந்தது. 1938-ல் 'தொழில்நுட்பக் கண்காணிப்புச் சங்கம்' என்ற பொதுப்பெயர். அதன் சுருக்கம்தான் டியூவி. 1951-லிருந்து ஜெர்மனியில் கார்களுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கொரு முறை ஆய்வு கட்டாயம். 1961-ல் நம்பர் பிளேட்டில் ஒட்டும் வட்ட வில்லை வந்தது. பிற்காலத்தில் ஏகபோகம் போய்ச் சந்தை திறந்தது. சங்கங்கள் இணைந்து பெரிய கம்பெனிகளாயின. டியூவி சூட் இன்றைய வடிவம் பெற்றது 1996-ல்.

இங்கே நம் ஆட்கள் அடிக்கடி தடுமாறுகிற இடம் ஒன்று. டியூவி என்று ஒரே ஒரு கம்பெனி கிடையாது. டியூவி சூட், டியூவி ரைன்லாண்ட், டியூவி நோர்ட் மூன்றும் தனித்தனி நிறுவனங்கள், சந்தையில் ஒன்றுக்கொன்று போட்டி. ஹெஸ்ஸன், தூரிங்கன், சார்லாண்ட் பெயர்களிலும் உண்டு. 'டியூவி சர்டிஃபிகேட் இருக்கு சார்' என்று ஒருவர் சொன்னால் அடுத்த கேள்வி: எந்த டியூவி, எந்த ஊர் அலுவலகம், எதற்கான சர்டிஃபிகேட்?

இந்தியாவின் பாதை வேறு. 1863-ல் கல்கத்தாவில் நடந்த பாய்லர் விபத்தைத் தொடர்ந்து 1864-ல் வங்காளத்தில் சட்டம் வந்தது. மற்ற மாகாணங்களும் தனித்தனியே சட்டம் போட்டு, ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் சிக்கலாகி, கடைசியில் 1923-ல் நாடு முழுமைக்கும் ஒரே பாய்லர் சட்டம் வந்தது. விரிவான விதிகள் 1950-ல். முதலாளிகள் சங்கம் என்ற கட்டமே இங்கே இல்லை. தொடக்கத்திலிருந்தே மாநில அரசின் பாய்லர் இன்ஸ்பெக்டர்தான். 2007 திருத்தம்தான் அரசும் முதலாளியும் அல்லாத மூன்றாம் தரப்பு ஆய்வு நிறுவனங்களுக்குக் கதவைத் திறந்தது. 2025-ல் பழைய சட்டத்தின் இடத்துக்குப் புதுச் சட்டம் வந்துவிட்டது. ஆய்வின் உள்ளடக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. பாய்லர் தகட்டுக்கு சட்டம் மாறியது தெரியாதல்லவா.

சரி, ஆய்வுக்கு வருவோம். அரசு இன்ஸ்பெக்டர் வந்தாலும் கம்பெனி இன்ஜினியர் வந்தாலும், மூன்று பாஸ் ஸ்மோக் டியூப் பாய்லரை (சூடான புகை மூன்று முறை நீளவாக்கில் போய்வந்து, சுற்றியுள்ள தண்ணீரைச் சூடாக்கும் வகை) திறந்து காட்டும் முறை ஒன்றுதான். தவறுகள் பெரும்பாலும் அவர் வருவதற்கு முந்தின இரண்டு நாளில் நடந்துவிடுகின்றன.

முதல் தவறு, சூட்டோடு தண்ணீரை வடிப்பது. நெருப்பை அணைத்ததும் அவசரமாக, அடிச்சேற்றை வெளியேற்றும் புளோடவுன் வால்வைத் திறந்து காலி செய்தால், உள்ளே மிதந்துகொண்டிருந்த சேறு சூடான டியூப் மேல் படிந்து அங்கேயே வெந்து கெட்டியாகிவிடும். கழுவினால் போயிருக்க வேண்டியதை உளி வைத்துப் பெயர்க்க வேண்டியதாகிவிடும். அதோடு டியூப் கனம் வேறு, வெளிக்கூடான ஷெல் தகட்டின் கனம் வேறு. ஒன்று சீக்கிரம் ஆறும், மற்றது மெதுவாக ஆறும். அந்த இழுபறியில், தகட்டு ஓட்டையில் டியூப் முனையை விரித்துப் பிடிக்க வைத்த இடம் தளர்ந்து கசிய ஆரம்பிக்கும். ஒரு நாள், செங்கல் கட்டு நிறைய இருந்தால் இரண்டு நாள், தானாக ஆறட்டும். கை வைத்தால் பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு வடித்து, உடனே, ஈரம் காய்வதற்குள், ஹோஸ் வைத்து அழுத்தமாகக் கழுவ வேண்டும்.

இரண்டாவது, தனிமைப்படுத்துவது. ஒரே ஷெட்டில் இரண்டு பாய்லர், ஒரே புளோடவுன் குழாய், ஒரே குழி என்பது நம் ஊரில் சர்வசாதாரணம். ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது அதை புளோடவுன் செய்தால், திறந்து கிடக்கும் மற்ற பாய்லரின் வடிகுழாய் வழியாகச் சூடான தண்ணீரும் ஆவியும் உள்ளே போகும். உள்ளே ஆள் இருந்தால் அவ்வளவுதான். வால்வை மூடிப் பூட்டுப் போட்டால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். ஃபிளாஞ்சுக்கு நடுவே பிளாங்க் தகடு போட வேண்டும், அல்லது ஒரு துண்டுக் குழாயைக் கழற்றிவிட வேண்டும். மெயின் ஸ்டீம் வால்வு, ஃபீட் லைன், புளோடவுன் மூன்றுக்கும் இதே கதை. உள்ளே இறங்குமுன் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று மீட்டரில் பார்க்க வேண்டும். விளக்கு 24 வோல்ட்டுதான். 230 வோல்ட் ஹேண்ட் லேம்ப்பை ஈரமான இரும்பு உருளைக்குள் கொண்டு போகிறவர்களை இன்றும் பார்க்கலாம்.

மூன்றாவது, அழகுபடுத்துவது. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று உள்பக்கம் சிவப்பு ஆக்ஸைடு பூசி வைத்திருப்பார்கள். மரியாதைக்காகச் செய்கிற வேலை. ஆனால் நீர்மட்டக் கோட்டில் உள்ள குழிகளும் மூலை மடிப்பில் ஓடும் பள்ளமும் பெயின்ட்டுக்கு அடியில் போய்விடும். அனுபவமுள்ளவர் உடனே சுரண்டச் சொல்வார், வேலை இரட்டிப்பு. கழுவுங்கள், கம்பி பிரஷ் போடுங்கள், பூசாதீர்கள். எடுத்த ஸ்கேலில் (தண்ணீரின் உப்பு படிந்து கெட்டியான பொருக்கு) ஒரு கைப்பிடியைக் காகிதத்தில் மடித்து வையுங்கள். முட்டை ஓடு மாதிரி மெல்லிசாக, வெளுப்பாக இருந்தால் கடினநீரை மென்னீராக்கும் சாஃப்ட்னர் ஒழுங்காக ரீஜெனரேட் ஆகவில்லை. கறுப்பாக, மாவு மாதிரி இருந்தால் இரும்பு அரிக்கிறது. ஃபீட் டேங்க் சூடு குறைவு, தண்ணீரோடு ஆக்சிஜன் வருகிறது என்று யோசிக்க வேண்டும்.

திறக்க வேண்டியவை எல்லாம் திறந்திருக்க வேண்டும்: மேன்ஹோல், மட்ஹோல், ஹேண்ட்ஹோல், முன்னும் பின்னும் ஸ்மோக் பாக்ஸ் கதவுகள். ஃபியூசிபிள் பிளக் இருந்தால் கழற்றி மேசை மேல் வையுங்கள். அதன் நடுவில் உள்ள வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். தண்ணீர் குறைந்து மேல்தகடு காய்ந்தால் அது உருகி ஆவி பீறிட்டு நெருப்பை அணைக்க வேண்டும். பல ஆண்டு மாற்றாமல் விட்டால் அதன் மேல் ஸ்கேல் மூடி, உருக வேண்டிய நேரத்தில் உருகாது. புது கேஸ்கெட்டுகளை முன்கூட்டியே வாங்கி வைக்காமல், ஆய்வு முடிந்து மூடும்போது பழசையே திருப்பிப் போட்டு மேன்ஹோலில் கசிய விடுவது இன்னொரு வாடிக்கை. அந்தக் கசிவுத் தண்ணீர், சூடு வெளியேறாமல் போர்த்திய லாகிங்குக்கு அடியில் ஓடி ஷெல்லை வெளிப்பக்கமாகத் தின்னும். மேன்ஹோலைச் சுற்றி ஓரடி லாகிங்கைக் கழற்றிப் பார்த்தால் பல பாய்லர்களின் நிஜ வயது தெரியும்.

உள்ளே போனவர் எதைத் தேடுகிறார்? எல்லா இடத்தையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. நெருப்புக் குழலிலிருந்து வெளிவரும் புகை திரும்பி இரண்டாம் பாஸ் டியூப்புகளுக்குள் நுழைகிற பின்பக்க டியூப் பிளேட்தான் அவர் கண் முதலில் போகும் இடம். பாய்லரிலேயே அதிகம் வாட்டப்படும் தகடு அது. இரண்டு டியூப் ஓட்டைகளுக்கு நடுவே இருக்கும் குறுகிய இரும்புப் பாலத்தை லிகமென்ட் என்பார்கள். அதில் மயிரிழை மாதிரி ஒரு கோடு, ஒரு ஓட்டை விளிம்பிலிருந்து அடுத்த விளிம்பு வரை. புகைக்கரியோடு பார்த்தால் தெரியாது. கம்பி பிரஷ் போட்டு, சிவப்பு டை தடவி, பத்து நிமிடம் ஊறவிட்டு, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால், வெள்ளைப் பரப்பில் சிவப்பு நூலாக ஊறி வரும். காரணம் பெரும்பாலும் பின்பக்கத்தில், தண்ணீர்ப் பக்கமாகச் சேர்ந்த ஸ்கேல்தான். சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல் தகடே வெந்து, ஒவ்வொரு முறை ஏற்றி இறக்கும்போதும் இழுபட்டுக் கீறுகிறது. வெல்டரை வைத்து மேலே ஒரு பீட் ஓட்டினால் போயிற்று என்று நினைப்பவர்கள் உண்டு. ஸ்கேல் அப்படியே இருந்தால், அடுத்த சீசனில் பக்கத்து லிகமென்ட் கீறும். அனுமதி இல்லாமல் வெல்டு செய்தது தெரிந்தால் சான்றிதழும் நிற்கும்.

அடுத்தது நெருப்புக் குழல். ஃபேர்பேர்ன் சோதித்த விஷயம் இங்கே வருகிறது: குழலுக்கு வெளியே தண்ணீரின் அழுத்தம், உள்ளே நெருப்பு. ஒரு தடவை தண்ணீர் குறைந்து சூடேறிவிட்டால் மேல்பக்கம் லேசாகத் தட்டையாகும். கண்ணுக்குத் தெரியாது. அரை மீட்டருக்கு ஓரிடம் என்று உட்பக்க விட்டத்தை நெட்டுக்கும் கிடைக்கும் அளந்து எழுதி, போன ஆண்டு அளவோடு ஒப்பிட வேண்டும். இந்த அளவுகளைத் தனி நோட்டில் வைத்திருக்கும் ஆலைகள் குறைவு. வைத்திருப்பவர்களுக்கு ஆய்வு பாதி நேரத்தில் முடிகிறது.

தகட்டின் கனத்தை அல்ட்ராசோனிக் கேஜில் பார்ப்பது இப்போது எல்லோரும் செய்கிறார்கள். கருவி பொய் சொல்லாது. பிடிக்கிறவர்தான் அதைப் பொய் சொல்ல வைப்பார். எஃகில் ஒலி வேகம் நொடிக்கு சுமார் 5,920 மீட்டர் என்று கருவிக்குச் சொல்லியிருக்கிறோம். பெயின்ட்டில் அது பாதிக்கும் குறைவு. அதனால் 0.2 மில்லிமீட்டர் பெயின்ட் மேல் சாதாரண புரோபை வைத்தால், அது அரை மில்லிமீட்டர் எஃகு மாதிரிக் கூடுதலாகக் காட்டும். 6 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 5.6 இருக்கிறது; கருவி 6.1 காட்டுகிறது, சர்டிஃபிகேட்டில் 'திருப்தி'. ஓடுகிற குழாயில் சூட்டோடு அளந்தாலும் இதே கோளாறு: ஒவ்வொரு 55 டிகிரிக்கும் சுமார் ஒரு சதவீதம் கூடுதலாகக் காட்டும். பெயின்ட்டைச் சுரண்டி, கனம் தெரிந்த படிகள் கொண்ட படிக்கட்டு பிளாக்கில் இரண்டு கனங்களுக்கு அளவு சரிபார்த்து, அதன் பிறகே வைக்க வேண்டும். அந்தச் சரிபார்ப்பு ரிப்போர்ட்டில் பதிவாகாமல் இருந்தால் அந்த எண்களை நம்ப வேண்டியதில்லை.

ஹைட்ரோ டெஸ்ட், அதாவது தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் சோதனையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு, அது தேறினால் பாய்லர் நல்ல பாய்லர் என்று. கசிவும் பெரிய பலவீனமும்தான் அதில் தெரியும். ஸ்கேலையும் மெதுவாக வளரும் கீறலையும் அது காட்டாது. புது பாய்லருக்கு வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்கு. 10.54 என்றால் 15.81 கிலோ. காற்றில் சோதிக்காமல் தண்ணீரில் சோதிப்பதற்குக் காரணம், தண்ணீர் அமுங்காது. கிழிந்தாலும் 'புஸ்' என்று அடங்கிவிடும். அதனால்தான் மேலே காற்று கொஞ்சமும் தங்கக் கூடாது. வென்ட்டில் குமிழி இல்லாமல் தண்ணீர் தொடர்ந்து வரும்வரை நிரப்புங்கள். கைப்பம்பு அடிக்க அடிக்க முள் சோம்பலாக ஏறினால் உள்ளே காற்று இருக்கிறது. நிறைந்திருந்தால் நாலு அடியில் சரசரவென்று ஏறும். கேஜ் இரண்டு, காலிபரேஷன் தேதி தாண்டாதவை, டயல் அளவு சோதனை அழுத்தத்தின் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சேஃப்டி வால்வைக் கழற்றிப் பிளாங்க் போடுங்கள். ஸ்பிரிங்கை முறுக்கி அடைக்காதீர்கள், பிறகு அது சொன்ன அழுத்தத்தில் திறக்காது.

நம் வெயிலில் இன்னொரு சங்கதி. காலையில் நிரப்பி மூடிய தண்ணீர், பத்து மணிக்கு மேல் சூடாகி விரியும். மூடிய பாய்லரில் சில டிகிரி ஏறினாலே அழுத்தம் கிலோ கணக்கில் ஏறும். கவனிக்காவிட்டால் சோதனை அழுத்தத்தைத் தாண்டிவிடும். இன்னும் மோசம், சின்னக் கசிவு இருந்தாலும் இந்த விரிவு அதை ஈடுகட்டி, முள் அரை மணி நேரம் அசையாமல் நிற்கும். எல்லோரும் கைகுலுக்கிக் கலைவார்கள். நிழலில் செய்யுங்கள், தண்ணீரின் சூட்டைத் தொடக்கத்திலும் முடிவிலும் எழுதுங்கள். சோதனை அழுத்தத்தில் நிறுத்தி, பிறகு வேலை அழுத்தத்துக்கு இறக்கிய பிறகே பக்கத்தில் போய் ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும்.

ஆவி ஏற்றிய பிறகு பார்ப்பதில் இரண்டுதான் முக்கியம். ஒன்று சேஃப்டி வால்வு: மெயின் வால்வை மூடி முழு நெருப்பு போட்டாலும் அழுத்தம் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறாமல் அது வெளியேற்ற வேண்டும். இன்னொன்று கேஜ் கிளாஸ். வடிகாக்கைத் திறந்து, தண்ணீர்க் காக்கை மூடினால் ஆவி மட்டும் வேகமாக வர வேண்டும். அதைத் திறந்து ஆவிக் காக்கை மூடினால் தண்ணீர் வர வேண்டும். இரண்டு வழியும் தனித்தனியே தெளிவு என்று தெரிந்த பிறகே கண்ணாடி காட்டும் மட்டத்தை நம்பலாம். தண்ணீர் வழி சேற்றில் அடைத்திருந்தால் கண்ணாடியில் தண்ணீர் அசையாமல் அழகாக நிற்கும். அட்டெண்டன்ட் நிம்மதியாக டீ குடிக்கப் போவார். அது போக, லோ-வாட்டர் ஸ்விட்ச் அடிக்கடி தட்டுகிறது என்று அதன் ஒயரைச் சேர்த்து முறுக்கி வைத்திருந்தால், உள்ளே டியூப் காய்ந்த பிறகுதான் தெரியும். அப்போது பதறி ஃபீட் பம்பைப் போடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. நெருப்பை நிறுத்தி, பாய்லரைத் தானாக ஆற விட்டுவிட வேண்டும், ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விடக் கூடாது.

இவ்வளவும் ஓடுகிற பாய்லருக்கு. புதிதாகச் செய்கிற பட்டறைக்கு மூன்றாம் தரப்பு ஆய்வு வேறு வடிவில் வருகிறது. திருச்சியில் பெல் நிறுவனத்தைச் சுற்றி, துவாக்குடி பக்கம் வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகளுக்கு இது தினப்படிப் பேச்சு. முதல் தாளே ஐ.டி.பி. எனப்படும் ஆய்வுத் திட்டம். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஓர் எழுத்து இருக்கும். ஹோல்டு என்றால் இன்ஜினியர் வந்து கையெழுத்துப் போடாமல் அடுத்த வேலைக்குப் போகவே கூடாது. விட்னஸ் என்றால் அழைப்பு கொடுக்க வேண்டும். நேரத்துக்கு வராவிட்டால் தொடரலாம். ரிவ்யூ என்றால் அவர் காகிதத்தை மட்டும்தான் பார்ப்பார். வாங்குகிறவர்கள் இந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு 'டியூவி பார்த்ததுதானே' என்று கேட்கிறார்கள். ஹைட்ரோ டெஸ்டுக்கு எதிரே ரிவ்யூ என்று இருந்தால் யாரும் எதையும் பார்க்கவில்லை. பட்டறை எழுதிக் கொடுத்ததைப் படித்தார்கள், அவ்வளவே.

பட்டறையில் அதிகம் சறுக்குவது ஹீட் நம்பரில், அதாவது தகடு எந்த உருக்கு வார்ப்பிலிருந்து வந்தது என்று சொல்லும் எண்ணில். எஃகு ஆலையிலிருந்து வரும் தகட்டின் ஒரு மூலையில் ஹீட் நம்பர் குத்தியிருக்கும். டெஸ்ட் சர்டிஃபிகேட்டோடு அந்த எண் ஒத்துப்போக வேண்டும். வெட்டுவதற்கு முன், இன்ஜினியர் முன்னிலையில், ஒவ்வொரு துண்டின் மேலும் அதே எண்ணைக் குத்தி அவர் முத்திரையும் பதிய வேண்டும். அவசரத்தில் முதலில் வெட்டிவிட்டால், மூலைத்துண்டு தவிர மற்றதெல்லாம் அநாதை. பிறகு எந்தச் சான்றிதழைக் காட்டினாலும் அது அந்தத் தகட்டுடையது என்று நிரூபிக்க வழியில்லை. மாதிரி எடுத்து மறுபடி சோதிக்க வேண்டும், அல்லது தூக்கிப் போட வேண்டும். தகட்டுச் சான்றிதழ்களில் 3.1 வகை என்பது எஃகு ஆலையின் சொந்தத் தரப்பிரிவு கையெழுத்திட்டது, 3.2-ல் வெளி ஆய்வாளரின் கையெழுத்தும் சேரும். ஆர்டரில் 3.2 கேட்டிருக்கிறதா என்று தகடு வாங்குமுன் பாருங்கள். வாங்கிய பிறகு 3.1-ஐ 3.2 ஆக்குவதற்கு மறுசோதனை வேண்டும், ஆகும் செலவு சின்னதில்லை.

ஐரோப்பாவுக்கு அனுப்பும் பிரஷர் வெசல் (அழுத்தம் தாங்கும் கலன்) என்றால், ஐரோப்பிய விதிகளுக்கு ஒத்தது என்று காட்டும் சி.இ. முத்திரைக்குப் பக்கத்தில் ஆய்வு நிறுவனத்தின் நாலு இலக்க எண் இருக்கும். டியூவி சூட் தொழிற்சேவைப் பிரிவுக்கு 0036, டியூவி ரைன்லாண்டின் தொழிற்சேவைப் பிரிவுக்கு 0035, டியூவி நோர்டுக்கு 0045. எண் இல்லாத சி.இ. என்றால் உற்பத்தியாளர் தானே அறிவித்துக்கொண்டது. சில வகைகளுக்கு அது சட்டப்படி சரி, ஆனால் வெளி ஆள் பார்த்ததாக அர்த்தமில்லை. ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழைக் காட்டி 'எங்கள் வெசல் டியூவி சர்டிஃபைடு' என்பதும் வழக்கம். அந்தச் சான்றிதழ் நிர்வாக முறையைப் பற்றியது. வெசலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இராது.

நிர்வாகக் காகிதத்தைப் பார்ப்பதும் பொருளைத் திறந்து பார்ப்பதும் பிரிந்து போனால் என்ன ஆகும் என்பதற்கு பிரான்சின் பி.ஐ.பி. விவகாரம் சாட்சி. மார்பகத்துக்குள் வைக்கும் சிலிகான் பைகளைச் செய்த அந்தக் கம்பெனியின் தர நிர்வாகத்துக்குச் சான்று கொடுத்தது டியூவி ரைன்லாண்ட். ஆய்வு முன்கூட்டியே சொல்லிவிட்டு நடந்தது. மருத்துவத் தர ஜெல்லுக்குப் பதிலாகத் தொழிற்சாலை சிலிகானை நிரப்பியது 2010-ல் வெளிவந்தது. நிறுவனரை 2013-ல் நீதிமன்றம் தண்டித்தது. சந்தேகத்துக்கு இடம் தரும் தடயம் இல்லாதவரை, சான்றளிக்கும் நிறுவனம் அறிவிக்காமல் போய்ப் பார்க்கவோ பொருளையே எடுத்துச் சோதிக்கவோ பொதுவான கடமை இல்லை என்று 2017-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. அன்றைய சட்டப்படி சரியாக இருக்கலாம். பாய்லருக்குள் இறங்கிப் பழகியவர்களுக்கு அது விநோதமாகத்தான் படும்.

பிரேசிலின் புருமாடின்யோவில் 2019 ஜனவரி 25 அன்று வாலே நிறுவனத்தின் சுரங்கக் கழிவு அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள். நிலையாக இருக்கிறது என்று அந்த அணைக்குச் சான்று கொடுத்தது டியூவி சூட்டின் பிரேசில் கிளை. டியூவி சூட் தன் மேல் சட்டப்பொறுப்பு இல்லை என்று வாதிடுகிறது. யார் எவ்வளவு பொறுப்பு என்பது நீதிமன்ற விஷயம். ஆனால் ஏற்பாட்டைப் பாருங்கள்: அணைக்குச் சொந்தக்காரரே வாடிக்கையாளர், அவரே கட்டணம் தருபவர், 'நிலையாக இல்லை' என்று எழுதினால் நஷ்டப்படுபவரும் அவரே. மான்ஹைம்காரர்கள் இருபதுக்கு மேற்பட்டோர் சேர்ந்து நடுவில் எழுப்பியிருந்த சுவர் இங்கே இல்லை.

அந்தச் சுவரை ஒரு சின்ன ஆர்டரில் முழுசாகக் கட்ட முடியாது. சில கற்களை வைக்கலாம். பாய்லரை வாங்குகிறவரே ஆய்வுக் கட்டணத்தை நேராகக் கொடுக்க வேண்டும், பட்டறையின் விலைக்குள் சேர்த்து 'நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று விடக்கூடாது. ரிப்போர்ட்டும் பட்டறை வழியாகச் சுற்றி வராமல் நேராக வாங்குகிறவருக்கு வர வேண்டும். ஆய்வாளரை மாற்றச் சொல்லும் உரிமை பட்டறைக்கு இருக்கக் கூடாது. அறிவிக்காமல் வரும் வருகை குறைந்தது ஒன்றாவது ஒப்பந்தத்தில் இருக்கட்டும். நாள்கூலிக் கணக்கில் வரும் இன்ஜினியருக்கு ஒரே நாளில் மூன்று பட்டறை ஒதுக்கியிருந்தால் அவர் எதையும் நின்று பார்க்க மாட்டார். வருகைப் பதிவில் உள்ளே வந்த நேரமும் போன நேரமும் எழுதச் சொல்லுங்கள்.

சரக்கு கிளம்பும் முன், அனுப்பலாம் என்று ஆய்வாளர் தரும் ரிலீஸ் நோட் வரும். அதில் உள்ள சீரியல் நம்பரை வெசலில் குத்திய நம்பரோடு ஒத்துப் பாருங்கள், தாளோடு தாளை ஒப்பிட்டால் போதாது. நேம் பிளேட் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து பென்சிலால் தேய்த்து எடுத்தால் எழுத்துகள் அப்படியே பதியும். அந்தத் தாளில் இன்ஜினியரின் கையெழுத்தையும் தேதியையும் வாங்கி, ரேடியோகிராஃபி ஃபிலிம்களோடும் கன அளவு நோட்டோடும் ஒரே கோப்பில் வையுங்கள். பத்து ஆண்டு கழித்து ஒரு டியூப்பை மாற்ற வெல்டு செய்ய வேண்டி வந்தால், என்ன தகடு என்று கேட்டு வரும் முதல் ஆள் பாய்லர் இன்ஸ்பெக்டராகத்தான் இருப்பார்.